துப்பாக்கியில் பொருத்திய கண்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடும்பங்கள் படிக்கும் இதழில் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று வாசக அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். நம் இல்லங்களிலிருந்து கல்விக்கும் பணிக்குமாக அமெரிக்க நாடு சென்ற பிள்ளைகள் இன்று பலர். அந்நாட்டில் சித்திரை, வைகாசித் திங்கள்களில் வான்கோழி வேட்டை தொடங்கிவிடும். உடன் பணிபுரிவோர் நட்பு முறையில் அழைப்பதுண்டு. "எங்கள் சமயத்தில் கூடாது" என்ற ஒரு தொடரோடு நம் பிள்ளை நிறுத்திக்கொண்டால் அழைத்தவர் விடுவதில்லை. "நாங்கள் துன்புறுத்திக் கொல்வதில்லை, ஒரு நொடியில் முடியும்படி துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்தியிருக்கிறோம்" என்பார். இவ்விடையை எள்ளி நகைப்பது எளிது. ஆயினும் அதற்குள் ஓர் அறக் கேள்வி அடங்கியுள்ளது. துல்லியம் கருணையாகுமா? குறி தவறாத கண், தவறும் கண்ணைவிடப் பாவம் குறைந்ததா? நம் ஆசாரியர்கள் வகுத்த நூல்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வான்கோழி வேட்டைக்குப் பயன்படுவது ரவைத் துப்பாக்கி. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் இருக்கும். விசையை அழுத்தியதும் அவை குழலை விட்டு வெளியேறி, போகப் போக விரிந்து செல்லும். பறக்கும் பறவையை நிதானித்துக் குறி பார்க்க நேரமில்லாதவர்க்கென ஏற்பட்ட கருவி அது. அதன் குழல் நுனியில் ஒரு சிறு மணியைத் தவிர வேறு குறி பெரும்பாலும் இராது. ஆனால் வான்கோழி பெரும் பறவை. அடர்ந்த இறகும் தடித்த நெஞ்சுத் தசையும் அதன் உடலை மூடியிருப்பதால், உடலில் பட்ட ரவை உயிரை உடனே போக்குவதில்லை. பறவை காயத்தோடு புதருக்குள் ஓடி மறைந்து, துன்புற்று இறக்கும். ஆகவே தலையையும் கழுத்தையுமே குறி வைக்க வேண்டும் என்பது அவ்வேட்டையாளரிடையே விதி. அதற்காகக் குழலின் வாயைச் சற்றே குறுக்கி, ரவைகள் விரியாமல் ஒரே கொத்தாகச் செல்லும்படி செய்கின்றனர். ஈயத்தைவிட அடர்த்தி மிக்க டங்ஸ்டன் ரவைகளும் பின்னர் வந்தன. கொத்து இறுக இறுக, அண்மையில் நிற்கும் பறவையைக்கூட அது முழுதும் தவறிவிடக்கூடும். குறி பார்க்கத் தேவையில்லாதிருந்த கருவிக்கு இவ்வாறு குறி பார்க்கும் கண் தேவைப்படலாயிற்று. ஸ்கோப் என்று எல்லாரும் வழங்கும் தொலைநோக்கி அதன்மேல் ஏறியது.

அதனைப் பொருத்துவது எளிய வேலையன்று. துப்பாக்கியின் உடற்பகுதியில் துளையிட்டு மரை வெட்டி, திருகாணிகளால் ஓர் உலோகத் தண்டைப் பதித்து, அதன்மேல் இரண்டு வளையங்களால் தொலைநோக்கியை இறுக்க வேண்டும். துளையிட விரும்பாதவர், குதிரைச் சேணம்போல் மேலே கவிழும் பட்டையைக் கொள்வர். ரவைத் துப்பாக்கியின் பின்னுதை கடுமையானது. திருகாணிகள் தளர்ந்துவிடும் என்பதால் மரையில் பசை தடவுவர். கண்ணுக்கும் ஆடிக்கும் இடையே மூன்று நான்கு அங்குல இடைவெளி விடாதவனுடைய புருவத்தை அப்பின்னுதை கிழித்துவிடுவதுண்டு. தொலைநோக்கி உயரத்தில் அமைவதால் கன்னம் கட்டையில் படியாது. அதற்கும் ஓர் அணை வைத்து உயர்த்த வேண்டும். இவ்வளவும் முடிந்தபின், பறவையின் தலை வரைந்த தாளை 40 கஜத் தொலைவில், அதாவது ஏறத்தாழ 36 மீட்டரில், நட்டுச் சுடுவர். பத்து அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவைகள் விழுந்தன என்று எண்ணி, குமிழ்களைத் திருகிச் சரி செய்து, மீண்டும் சுடுவர். பருவம் தொடங்குமுன்பே, ஒரு பறவையும் கண்ணில் படுமுன்பே, இவ்வேலையில் பல மாலைப்பொழுதுகள் கழியும். இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

வேட்டையன்று விடியுமுன் வேட்டையாளன் மரத்தில் முதுகைச் சாய்த்து, இலை வண்ண உடையில் அசையாது அமர்வான். சிறு மரப்பெட்டியை உரசியோ, வாய்க்குள் ஒரு மெல்லிய தகட்டை வைத்தோ, பெட்டைக்கோழியின் குரலை எழுப்புவான். காட்டுக்குள் எங்கோ நிற்கும் சேவல் மகிழ்ந்து மறுமொழி கூவும். இயற்கையில் பெட்டையே சேவலை நாடிச் செல்வது வழக்கம். இங்கே சேவல் குரலை நம்பித் தேடி வருகிறது. சிலர் பெட்டை உருவில் ஒரு பொம்மையையும் முன்னே நிறுத்துவர். நம் முன்னோர் காலத்து வேடரும் பழக்கிய மானையோ பறவையையோ கட்டி வைத்து அதன் இனத்தை வரவழைத்தனர். அவ்வாறு பழக்கிய உயிரைப் பழந்தமிழில் 'பார்வை' என்றே வழங்கினர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஏமாற்ற நிறுத்திய உயிரும் பார்வை. குறி வைக்கும் கண்ணின் தொழிலும் பார்வை. அமெரிக்கக் காட்டில் இன்று இரண்டும் ஒரே துப்பாக்கிக்கு முன்னும் பின்னுமாக அமைந்துவிட்டன.

அழைத்த நண்பரின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்போம். தொலைநோக்கி இருந்தால் தலையைத் துல்லியமாகக் குறி வைக்கலாம். பறவை காயத்தோடு தப்பி ஓடி வருந்தாது. பெரும்பாலான மாநிலங்களில் இளவேனிலில் தாடி உள்ள பறவையை மட்டுமே, பெரிதும் சேவலையே, சுடலாம் என்பது சட்டம். தொலைநோக்கி பெட்டையைப் பிரித்துக் காட்டும். புதரில் அசைவது பறவையா, மறைந்திருக்கும் மற்றொரு மனிதனா என்பதும் தெளிவாகும். வான்கோழியின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக நிறம் மாறும் இயல்புடையது. அந்நிற உடை எதையும் அணிந்து காட்டுக்குள் செல்லலாகாது என்று வேட்டையாளரை எச்சரிப்பது வழக்கம் என்றால், மனிதரை மனிதர் தவறாகச் சுட்டுவிடும் அச்சம் எத்தகையது என்பது விளங்கும். இவையெல்லாம் உண்மை. பொய் என்று நாம் வாதிட்டால் தோற்போம்.

இது கடல் கடந்த நாட்டு வழக்கம், நமக்கென்ன என்று ஒதுக்கவும் இயலாது. திண்டுக்கல்லை அடுத்த அகரத்தை எண்ணிப் பார்ப்போம். குடகனாற்றுச் சமவெளி. தெற்கே சிறுமலை, தென்மேற்கே கொடைக்கானலைத் தாங்கி நிற்கும் பழனி மலைத்தொடர். அத்தொடரின் வடபுறத்தே, பழனி வட்டத்து ஐவர்மலையில், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், பார்சுவ பகவானின் திருவுருவத்தையும் இயக்கியரையும் புதுப்பித்துப் பொன் வைத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. நம்மவர் வாழ்ந்து அறம் உரைத்த மண் அது. அம்மண்ணில் இன்று வான்கோழி பண்ணையில்தான் உண்டு. அதன் இனத்தைச் சேர்ந்த மயில் வயலெங்கும் திரிகிறது. மயிலையும் வான்கோழியையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டும் பாட்டை நாம் அனைவரும் பள்ளியில் பயின்றோம். பறவை நூலாரும் அவ்விரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருப்பது ஒரு வியப்பு. மயில் 1963இல் நாட்டின் பறவையாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதற் பட்டியலில் வைத்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விளையாட்டு வேட்டைக்கு உரிமம் தரும் முறையே ஒழிந்தது. எனினும் மலையடிவாரங்களில் நாட்டுத் துப்பாக்கி முற்றிலும் ஓயவில்லை. குழல் வாயில் மருந்தும் ரவையும் கெட்டித்துச் சுடும் அத்துப்பாக்கியோடு, நெற்றியில் மின்விளக்கைக் கட்டிக்கொண்டு இரவில் செல்வர். முயலின் கண்ணில் ஒளி பாய்ந்தால் அது திகைத்து அசையாது நின்றுவிடும். அங்கே ஆடி, இங்கே விளக்கு. கருவி வேறாயினும் தொழில் ஒன்றே.

இனி நம் நூல்களுக்கு வருவோம். உமாஸ்வாமி ஆசாரியார் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் இயல், வினை வந்து சேரும் வாயில்களை ஆராய்வது. ஹிம்சைக்குச் சார்பாக நிற்பனவற்றை அது அதிகரணம் என்று பெயரிட்டு, உயிருள்ளவற்றைச் சார்ந்தது, உயிரற்ற பொருள்களைச் சார்ந்தது என இரண்டாகப் பகுக்கிறது. உயிரற்றவற்றைச் சார்ந்ததில் ஒரு வகை 'சம்யோகம்'. ஒன்றோடொன்றை இணைத்தல் என்பது பொருள். பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தி உரையில் இச்சம்யோகத்தை உணவுப் பொருள்களை இணைத்தல், உபகரணங்களை இணைத்தல் என இரு திறமாக்குகிறார். கருவியைக் கருவியோடு இணைப்பதும் வினைக்கு வாயில் என்பதே கருத்து. துளையிட்டு, மரை வெட்டி, வளையம் இறுக்கித் துப்பாக்கியில் ஆடியைப் பொருத்தும் செயலை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமோ?

அதே இயல் உயிரைச் சார்ந்த அதிகரணத்தை 108 வகையாக விரிக்கிறது. செய்வேன் என்று உறுதி கொள்வது சம்ரம்பம். அதற்கு வேண்டிய கருவிகளைத் திரட்டுவது சமாரம்பம். செயலைத் தொடங்குவது ஆரம்பம். இம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றால் ஒன்பதாகும். தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்பவற்றால் இருபத்தேழாகும். சினம், செருக்கு, மாயை, பற்று என்னும் நான்கு கஷாயங்களால் நூற்றெட்டாகும். செபமாலையின் மணிகளுக்கு இக்கணக்கையே காரணம் காட்டுவோரும் உண்டு. தாளில் பறவைத் தலையை வரைந்து, சுட்டு, குமிழைத் திருகும் அந்த மாலைப்பொழுதுகளை இப்போது நினைவுகூர்க. ஓர் இறகும் உதிரவில்லை. ஆயினும் சம்ரம்பமும் சமாரம்பமும் நிறைவேறிவிட்டன. நம் நாட்டு வனவிலங்குச் சட்டமும் கொல்லுதலை மட்டுமன்றிப் பிடித்தல், விரட்டுதல், இரை வைத்து ஈர்த்தல், அவற்றுக்கு முயலுதல் ஆகிய அனைத்தையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. சட்டம் முயற்சி வரை வந்து நிற்கிறது. ஆகமம் அதற்கும் முந்திய மேசைக்கு, திருப்புளி எடுத்த கைக்கு, வந்துவிடுகிறது.

இங்கே நம் இளைஞர் சிலருக்கு ஓர் ஐயம் எழும். பொறியியல் பயின்று உலோகப் பட்டறையில் பணியாற்றுபவர், தம் கையில் தரப்பட்ட வளையம் தொலைநோக்கிக்கு என்று அறிந்தால் என்ன செய்வது? இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும், பயனற்ற பாவச் செயல்களாகிய அனர்த்த தண்டங்கள் ஐந்தில் ஒன்றாகக் கொலைக் கருவி கொடுத்தலைக் கூறுகின்றன. தெரிந்து கொடுத்தலே அங்கே குற்றம். திண்டுக்கல்லில் கையால் பூட்டுச் செய்யும் கொல்லர், அரத்தையும் தகட்டையும் கொண்டு காவலைச் செய்கிறார். 2019இல் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. துப்பாக்கியின் உடற்பகுதியில் மரை வெட்டுபவரும் அதே அரத்தைக் கையாளக்கூடும். அரத்தின் மீது பழியில்லை. இதனை எதற்காகச் செய்கிறோம் என்று கேட்கும் உரிமையைப் பட்டறையில் நுழையும்போது வாயிலில் விட்டுவிட்டு வரவேண்டியதில்லை.

இதுவரை கூறியது கருவியைப் பற்றியது. நண்பரின் வாதம் இன்னும் அப்படியே நிற்கிறது. அவர் கவனமாக அல்லவா கொல்கிறார்? ஹிம்சை என்பது பிரமாதத்தோடு கூடிய யோகத்தால் உயிரைப் போக்குதல் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயல் வரையறுக்கிறது. பிரமாதம் என்பதற்குக் கவனக்குறைவு என்று பொருள் கொண்டால், இமை கொட்டாமல், மூச்சை அடக்கி, ஆடியின் நடுக்கோட்டில் பறவையின் கழுத்தைப் பொருத்தி நிற்கும் வேட்டையாளனைவிடக் கவனம் மிக்கவர் யார்? அவன் அப்பிரமத்தனாகி, அவன் செய்வது ஹிம்சையன்று என்று ஆகிவிடுமே!

இவ்விடத்தில்தான் நம்மவர் பலர் தடுமாறுகின்றனர். பூஜ்யபாதர் பிரமாதத்தைக் கஷாயத்தோடு கூடியிருத்தல் என்றே விளக்குகிறார். நம் நூலார் பிரமாதங்கள் பதினைந்து என்று எண்ணுவர். வீண் கதைகள் நான்கு, கஷாயங்கள் நான்கு, ஐம்பொறிகள், உறக்கம், பற்று ஆகியவை அவை. கண்ணே அப்பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது என்பதைக் காண்க. மனம் விருப்பு வெறுப்பால் பற்றப்பட்டிருக்கும்போது கண் எவ்வளவு கூர்மையாகிறதோ அவ்வளவு பிரமாதமும் கூர்மையாகிறது. நான்கு முழம் முன்னே நிலத்தை நோக்கி நடக்கும் முனிவரின் ஈரியா சமிதியும் ஒரு பார்வைதான். அங்கும் கண் இமைக்காமல் தேடுகிறது. எறும்பைத் தேடுகிறது, மிதியாமல் விலகும்பொருட்டு. அவ்வாறு நடந்தும் அவர் காலடியில் ஒரு சிற்றுயிர் வந்து விழுந்து மாய்ந்தால் அவருக்கு வினைக்கட்டு இல்லை என்று உரைகள் கூறும். தொலைநோக்கி வழியே பார்ப்பவனின் குறி தவறிப் பறவை பறந்து தப்பினாலோ, அவனுக்கு வினை வந்து சேர்ந்துவிட்டது. கவனம் இருவருக்கும் ஒன்றே. (இக்காலத் தமிழில் 'பிரமாதம்' என்பது பாராட்டுச் சொல்லாகிவிட்டது. குறி தப்பாமல் ரவை பாய்ந்ததும் அருகிலிருப்பவர் 'பிரமாதம்!' என்று கூவினால், தம்மை அறியாமலே ஆகமத்தின் மொழியில் பேசிவிட்டார் எனலாம்.)

ஆறாம் இயலின் மற்றொரு சூத்திரம் இன்னும் நுட்பமானது. ஒரே செயலுக்கும் வினைவரவு ஏன் கூடிக் குறைகிறது என்பதற்கு அது காரணங்களை வகுக்கிறது. உணர்ச்சியின் கடுமையும் மென்மையும், அறிந்து செய்தலும் அறியாது செய்தலும், கருவியும், ஆற்றலும் அவை. நண்பரின் வாதத்தில் நாம் ஏற்க வேண்டியது இங்கே உள்ளது. பறவை வருந்தக் கூடாதே என்று எண்ணுபவனின் உள்ளம், வருந்தினால் என்ன என்று எண்ணுபவனின் உள்ளத்தைவிட மென்மையானதே. அதனை மறுப்பது நம் நூலையே மறுப்பதாகும். ஆனால் அடுத்த சொல்லையும் படிக்க வேண்டும். தொலைநோக்கி இல்லாதவன் தொலைவில் ஒரு கருநிழலைச் சுடுகிறான். அது உள்ளவனுக்கோ பறவையின் இமை தெரிகிறது. பனியில் நனைந்த இறகு தெரிகிறது. கூவும்போது கழுத்து உப்புவது தெரிகிறது. அவன் அறிந்து செய்வது மிகுதி. கடுமை ஒரு பங்கு குறைந்தது என்றால், அறிவு ஒரு பங்கு ஏறியது. தட்டு எப்பக்கம் சாயும் என்பதை அவரவர் உள்ளமே அளக்கும். ஆனால் தொலைநோக்கி பொருத்தியதால் ஹிம்சை குறைந்துவிட்டது என்று கணக்கெழுதி மூடிவிட முடியாது.

யசோதர காவியம் நம் இல்லங்களில் கேட்டுப் பழகிய கதை. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரனும் அவன் தாயும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல பிறவி எடுத்து, இறுதியில் கோழிகளாகப் பிறக்கின்றனர். சோலையில் முனிவர் கூறும் அறவுரை அவற்றின் செவியில் விழுகிறது. பழம்பிறப்பு உணர்ந்த மகிழ்ச்சியில் அவை கூவுகின்றன. அருகே தேவியோடு இருந்த யசோமதி மன்னன், ஒலி வந்த திசையை வைத்தே எய்யும் தன் வில்வன்மையைக் காட்ட விரும்பி அம்பை விடுகிறான், இரண்டும் மாய்கின்றன. கொன்றவன் முற்பிறப்பில் யசோதரனின் மகன். கண்ணால் காணாமலே குறி தப்பாத அம்பு அது. துல்லியத்தில் எந்த ஆடியும் அதற்கு நிகராகாது. பறவை மகிழ்ந்து கூவியதே அது இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தது. வான்கோழிச் சேவலின் கதியும் இதுவே.

நேமிநாத பகவான் கேட்டதும் ஒலியே. திருமணத்துக்குச் சென்ற வழியில், விருந்துக்காக அடைத்து வைத்திருந்த விலங்குகளின் ஓலம் செவியில் விழுந்தது. ஆரணி அருகே திருமலையில் பதினாறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அத்திருவுருவத்தை வணங்கச் செல்லும் நம்மில் எத்தனை பேர் அக்கணத்தை நினைக்கிறோம்? அரசன் ஒருவன் ஒலியைக் கேட்டு வில்லை வளைத்தான். அரசகுமாரர் ஒருவர் ஒலியைக் கேட்டுத் தேரைத் திருப்பினார். இருவர் செவியும் கூரியவையே.

ஆகவே ஆடியைப் பழிக்க நாம் முன்வரவில்லை. சென்ற நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மைந்தர். அவரும் பல உறுப்புகளைத் தேடி இணைத்துத் தமக்கென ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். அது புகைப்படக் கருவி. 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாக அதற்குப் பெயரிட்டார். அதைத் தோளில் சுமந்து காட்டு யானைகளை அண்மையில் நின்று படம் பிடித்தார். அதுவும் சம்யோகம். அதற்கு முன் நின்ற யானை, படம் எடுத்தபின் தன் வழியே சென்றது. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளை அழைத்த நண்பரிடம் சொல்லக்கூடியது இதுதான்: வேட்டைக்கு உடன் வந்து பார்ப்பது உடன்பாடாகிவிடும் என்பதால் வர இயலாது, துப்பாக்கி இல்லாத ஒரு விடியலில், தொலைநோக்கியைத் தனியே கையில் எடுத்துக்கொண்டு அழைத்தால் வருகிறேன். சேவல் அன்றும் கூவும்.

நண்பர் வேறொரு வாதத்தையும் கைவசம் வைத்திருப்பார். வான்கோழி இன்று அந்நாட்டில் பெருகியிருப்பதே வேட்டையாளரால் என்பார். அதிலும் உண்மை உண்டு. காடழிப்பாலும் வரம்பற்ற வேட்டையாலும் அருகிப்போன அப்பறவை, 1937ஆம் ஆண்டு பிட்மன் ராபர்ட்சன் சட்டத்துக்குப் பின் மீண்டது. வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது விதித்த 11 விழுக்காடு வரி, காட்டுயிர்ப் பேணலுக்குச் சென்றது. நம் நீலகிரியிலும் 1879இல் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் பருவம் வகுத்துச் சட்டம் வந்தது; அதனை வேண்டியோரில் வேட்டைப் பிரியர்களே மிகுதி. இனம் பெருகியது நன்றே. ஆனால் ஜீவன் தனித்தனியாகவே வினையை நுகர்கிறது, தனித்தனியாகவே வலியை உணர்கிறது என்பது நம் சித்தாந்தம். இனம் என்று ஓர் ஆன்மா இல்லை. பிற்காலத்துப் பறவைகள் பல்கின என்பது, இன்று கழுத்தில் ரவை பாய்ந்த பறவைக்கு விடையாகாது. இதற்குமேல் அவ்வாதத்தில் நாம் தங்க வேண்டியதில்லை.

தங்க வேண்டிய இடம் வேறு. அகரத்து உழவர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். அதற்கு விடை கூறுவது கடினம். மக்காச்சோளம் விதைத்த மறுநாளே மயில் கிளறிவிடுகிறது. நிலக்கடலை பிடிக்கும் நேரத்தில் பன்றி உழுதுவிடுகிறது. ஆயுதச் சட்டம் 1959, பயிர்க் காப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடமளிக்கிறது. மயிலைச் சுடவோ வனவிலங்குச் சட்டம் எவ்வகையிலும் இடமளிக்கவில்லை. காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் விளைநிலத்தில் புகும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. நம் நூலார் ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காக்கி, இல்லறத்தார் முழுதும் விட வேண்டியது மனமறிந்து கொல்லும் சங்கல்பி என்றனர். தற்காப்புக்காக நேரும் விரோதி ஹிம்சையை இல்லறத்தானால் முற்றும் தவிர்க்க இயலாது என்று உணர்ந்தே அவ்வாறு வகுத்தனர். பயிரைத் தின்ன வந்த மயில் பகையாகுமா? பகை என்பது தீங்கு செய்யும் எண்ணத்தோடு வருவது. மயிலுக்கு அவ்வெண்ணம் இல்லை, பசி உண்டு. அதனை விரட்டுவது ஆரம்பி அல்லது உத்தியோகி. பதுங்கியிருந்து கொல்வது சங்கல்பியே என்பது நம் துணிபு.

சட்டத்துக்கு அஞ்சித் துப்பாக்கியைத் தொடாதவர் சிலர், தானியத்தில் நஞ்சைக் கலந்து வரப்பில் தூவுகின்றனர். மயில்கள் கூட்டமாக மடிந்து கிடந்த செய்திகளை நாளேடுகளில் நாம் படித்ததுண்டு. நஞ்சுக்குக் குறியும் இல்லை, கண்ணும் இல்லை. மயிலோடு மைனாவும், அதன் உடலைத் தின்ற நாயும் சாகும். கொல்வதை நேரில் பார்க்க வேண்டியதில்லை என்பதே அதன் வசதி. தொலைநோக்கியைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம், கண்ணே இல்லாத இக்கொலையைப் பற்றிப் பேசாதிருப்பது நேர்மையாகாது. அந்தச் சோளத்தின் மாவும் அந்தக் கடலையின் எண்ணெயும் நம் அடுக்களைக்கும் வருகின்றன. நீலகேசி, தான் கொல்லாத ஊனை உண்டால் குற்றமில்லை என்ற பௌத்தரை எதிர்த்து வாதிட்டவள். அவ்வாதத்தை நம் எண்ணெய்க் குடத்தின் முன் அவள் நிறுத்தினால், வாய் திறக்க நமக்கு நேரம் பிடிக்கும். புலாலும் எண்ணெயும் ஒன்றல்ல என்பது சரியே. எண்ணெய்க்காக மயில் சாக வேண்டியதில்லை. ஆயினும் வேண்டாத சாவு நேர்ந்திருக்கிறது.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் நிலம் உண்டு. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாட்டிலுமாக இருக்க, நிலம் குத்தகைக்குப் போயிருக்கிறது. அவ்வூர்களிலும் மயில் பெருகியே வருகிறது. குத்தகையாளர் என்ன செய்து பயிரைக் காக்கிறார் என்று நாம் கேட்பதில்லை. குத்தகைப் பணம் வந்ததா என்று மட்டும் கேட்கிறோம். தான் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றில் இது எது என்று பெரியோர் கூடிச் சிந்திக்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த பருவத்துக்குக் குத்தகைச் சீட்டு எழுதும்போது, வயலில் நஞ்சு வைப்பதில்லை, வேலியில் மின்கம்பி இழுப்பதில்லை, துப்பாக்கி கொண்டுவருவதில்லை என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்கு ஈடாக விதை முளைக்கும் நாள்களிலும் கதிர் முற்றும் நாள்களிலும் காவலாளின் கூலியையும், வலைக்கும் பரணுக்கும் ஆகும் செலவையும் நிலத்துக்குரியவர் ஏற்க வேண்டும். மயிலும் பன்றியும் தின்றது ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று அறுவடையின்போது இருவரும் உட்கார்ந்து கணக்கிட்டு, அவ்வளவைக் குத்தகையில் கழித்துக்கொள்ளலாம். கழிவு இரண்டு மூட்டையாகலாம், ஐந்தாகலாம். சீட்டில் அதற்கென ஓர் இடம் காலியாக விட்டிருக்க வேண்டும்.